நாலரை பஸ்ஸும் பிந்திய மணிக்கூடும்

இராசரத்தினம் ஓட்டும் பஸ்ஸைப் பார்த்த பிறகுதான் கனடாவின் ஸ்காபரோவில் சூரியன் எழும்பும் என்று மல்வேர்ன் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அதை நம்பாதவர்கள்கூடத் தங்கள் வீட்டு மணிக்கூட்டை அந்த பஸ்ஸை வைத்துத்தான் திருத்தினார்கள். ஒருமுறை பனிப்புயலில் நகரமே உறைந்து கிடந்தபோது அவர் மட்டும் சரியான நேரத்துக்கு பஸ் தரிப்புக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஒருவரும் இல்லை. இந்த ஊர்ப் பயணிகளுக்கு நேரத்தின் அருமை தெரியாது என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

1999ஆம் ஆண்டு புரட்டாதியில், ஒரு மழை நாள் காலை, அந்த பஸ்ஸின் பின்னால் ஓர் இளைஞன் குடையும் கையுமாக ஓடினான். பஸ் நிற்கவில்லை.

இது நிரூபாவுக்குத் தெரியாது. அவள் அந்த நேரம் வெக்ஸ்போர்ட்டில், ஒரு மெத்தைக் கடைக்கு மேல்மாடியில், மேசைக்குக் கீழே படுத்துக் கிடந்தாள். நித்திரை அல்ல, வேலை. பல் வைத்தியர்கள் நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுப்பதற்கான மென்பொருளை அந்தக் கம்பனி செய்தது. அதை விற்பதற்கு முன்னால் உடைத்துப் பார்ப்பது நிரூபாவின் தொழில். அதற்காக அவளிடம் ஓர் அறையும் பதினொரு கணினிகளும் இருந்தன. ஒன்று பழசு, ஒன்று புதுசு, ஒன்று மொன்றியல் வைத்தியர்களுக்காகப் பிரெஞ்சு மட்டும் பேசும். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்தால் கணினிகளுக்கெல்லாம் பைத்தியம் பிடிக்கும் என்று உலகம் பயந்த காலம். ஆகவே அவள் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு திகதியை வைத்துச் சோதித்தாள். ஒன்றில் நத்தார்ப் பண்டிகை முடிந்திருந்தது. இன்னொன்றில் அடுத்த பெப்ரவரி இருபத்தொன்பது. சுவரில் இருந்த மணிக்கூடு ஒன்றுதான் உண்மை சொல்லிக்கொண்டிருந்தது. அது மற்றவைகளோடு ஒத்துப்போகவில்லை என்று கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டாள்.

"எக்ஸ்கியூஸ் மீ... டெஸ்டிங் லேப் இதுதானுங்களா?"

மேசைக்குக் கீழிருந்து அவளுக்கு இரண்டு சப்பாத்துக் கால்கள் மட்டும் தெரிந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்னக் குளம்.

"ஓம். நிலத்தை நனைக்காதேங்கோ."

"நான் நனைக்கலைங்க. உங்க ஊர் பஸ் டிரைவர் நனைச்சாரு. நான் ஓடி வரேன்... கண்ணாடில பாக்கறாரு... மீசையைத் தடவிக்கறாரு... போயிட்டே இருக்காரு! அந்த மீசைக்குப் பின்னாடி ஒரு மனுஷன் இருக்கானான்னே எனக்குச் சந்தேகம்."

நிரூபா மெல்ல வெளியே வந்து நிமிர்ந்தாள். ஏச வேண்டும் என்றுதான் நிமிர்ந்தாள். ஆனால் அவனுடைய கண்கள்... மழையில் கழுவி எடுத்துவைத்த மாதிரி இருந்தன. இமை நுனியில் ஒரு துளி, விழவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு தொங்கியது. அது விழும் வரைக்கும் அவளுக்கு ஏச்சு வரவில்லை. விழுந்தது.

"அந்த மீசை என்ர அப்பா," என்றாள்.

அவன் ஓரடி பின்னால் வைத்தான். கையிலிருந்த குடை தானாக விரிந்தது. அது சேர்த்து வைத்திருந்த மழை முழுவதும் கணினிகள் எல்லாம் செருகியிருந்த மின்பலகையின் மேல் கொட்டியது. டப்! பதினொரு கணினிகளும் அறை விளக்கும் ஒரே மூச்சில் கண்ணை மூடின.

"ஐயோ... என்ர நோயாளியள்!"

"யா... யாருங்க?"

"மூண்டு நாளா கொம்பியூட்டர் ஒவ்வொருத்தரா ஏத்திக்கொண்டிருந்தது. பொய் நோயாளியள். பல்லுக் கொதி, பல்முரசு வீக்கம் எல்லாம் வைச்சு நான் உண்டாக்கின சனம். எல்லாரையும் ஒரு குடையால முடிச்சுப் போட்டியள்!"

இருட்டுக்குள் முகாமையாளர் சூசைதாசன் தலையை நீட்டினார். அவர் நல்ல மனிதர். நல்ல செய்தியையும் கெட்ட செய்தியையும் ஒரே சிரிப்போடு சொல்லுவார். "ஆ, தம்பி பரணி வந்திட்டாரோ! நிரூபா, இவர் தமிழ்நாடு. கொன்ற்ராக்ற்றில வந்திருக்கிறார். புது மென்பொருள் ஒண்டு கொண்டு வந்திருக்கிறார். உன்ர பதினொரு கொம்பியூட்டரையும் ஒரே கொம்பியூட்டருக்குள்ள போட்டிடுமாம். நல்லதெண்டு இவர் பாத்துச் சொன்னாரெண்டால், இந்த அறையைச் சாப்பாட்டு அறையாக்கலாம்."

நிரூபா அந்தக் கண்களை மறுபடி பார்த்தாள். என்ர அறையைப் பறிக்க வந்தவனுக்கு ஏன் கடவுள் இப்படியொரு சோடிக் கண்ணைக் கொடுத்தார் என்று அவளுக்கு விளங்கவில்லை.

*

சூசைதாசன் சொன்னது பொய்யில்லை. பரணி கொண்டுவந்த ஒரு கணினிக்குள் சோதனைக்கென்று நாலு மாயக் கணினிகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சின்னச் சதுரத்துக்குள் தனியாக எழும்பி, தனியாக வேலை செய்து, தனியாகப் படுத்தது. விரும்பினால் ஒன்றைத் திரை முழுக்க விரித்துவிடலாம். அப்போது பார்ப்பவருக்கு அது நிசக் கணினியேதான்.

"தான் இன்னொண்டுக்குள்ள இருக்கிறதெண்டு அதுக்குத் தெரியுமோ?" என்று கேட்டாள் நிரூபா. கோபமாகத்தான் கேட்டாள்.

"தெரியாதுங்க. தனக்குன்னு சொந்த வீடு இருக்குன்னு நெனச்சிட்டிருக்கும்."

"எங்கட சனம் பேஸ்மென்ற்றில இருந்துகொண்டு ஊருக்குக் கடிதம் எழுதுறது மாதிரி."

பரணி வாய்விட்டுச் சிரித்தான். சிரிக்க வைக்க வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு வந்த பிறகு, இன்னொன்று வந்தால் என்ன என்று இருந்தது.

அவள் அந்த மாயக் கணினிகளைக் கொல்வதற்கு எடுத்த முயற்சிகளை எழுதினால் நாலு பாகம் வரும். கணினி நோய்களைத் தேடிப் பிடித்துப் புகுத்தினாள். உள்ளே கிடந்ததையெல்லாம் அழித்தாள். அவை விழுந்தன. பரணி ஒரு சொடுக்குப் போட்டான்... பழையபடி எழும்பிச் சிரித்தன.

"உங்களுக்குக் கருணையே இல்லையாங்க?"

"வைச்சிருந்தா இந்த வேலையில சம்பளம் தரமாட்டினம்."

"நீங்க பேசறது பாட்டு மாதிரி இருக்கு. என்ன திட்டறீங்கன்னே புரியல."

"திரும்ப ஏசட்டோ? ஆறுதலா?"

"ஏசுங்க... எனக்கொண்ணும் அவசரமில்ல."

ஒரே திரையை இரண்டு பேர் பார்க்க வேண்டியிருந்ததால் அவர்கள் உட்கார்ந்த இரண்டு கதிரைகளும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கின. கதிரைகள்தான். அவர்கள் இருவரும் அதைக் கவனிக்கவில்லை என்று இருவருமே தனித்தனியாகச் சத்தியம் செய்யத் தயாராக இருந்தார்கள். அவள் கொண்டுவந்த புட்டில் பாதி அவனுக்குப் போனது. அவனுடைய தயிர்ச்சோற்றை அவள் ஒரு வாய் தின்றுவிட்டு, மரியாதைக்காக இன்னொரு வாயும் தின்றாள்.

பரணியின் கைக்கடிகாரம் முதல் நாள் மழையிலேயே மூச்சை விட்டிருந்தது. அவன் புதிது வாங்கவில்லை. திரை முழுக்க விரித்து வைத்திருக்கும் மாயக் கணினியின் மூலையில் ஒரு சின்ன மணிக்கூடு தெரியும். அவனுக்கு அது போதுமாக இருந்தது.

"உங்க அப்பாகிட்ட நான் ஒரு தடவை மன்னிப்புக் கேக்கணுங்க," என்றான் ஒருநாள்.

"மன்னிப்புக் கேக்கிற அளவுக்கு அவர் எங்கயும் நிக்கிறேல்லை. வெள்ளிக்கிழமை நாலரை பஸ்ஸில ஏறுங்கோ. நேரத்துக்கு நிண்டாலே போதும்."

அவள் அதை அலட்சியமாகச் சொன்னாள். ஆனால் காது மடல் சிவந்துவிட்டது. ஏனென்றால் வீட்டில் அவள் இதைவிடக் கொஞ்சம் கூடச் சொல்லியிருந்தாள்.

"ஆரு பெடியன்?" என்று கேட்டிருந்தார் இராசரத்தினம்.

"வேலை செய்யிற இடத்தில, அப்பா. சும்மா ஒருக்கா பாருங்கோவன்."

"எந்த ஊர்?"

"தஞ்சாவூர்ப் பக்கம்."

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். மற்றவர்கள் மாப்பிள்ளையைக் கோயிலில் வைத்துப் பார்ப்பார்கள், கலியாண வீட்டில் வைத்துப் பார்ப்பார்கள். அவருக்கு லீவு கிடையாது. "பஸ்ஸில ஏறட்டும்," என்றார் கடைசியில். "கண்ணாடியில பாக்கிறன். மனிசன் எப்பிடி எண்டு ஏறுற ஏற்றத்தில தெரிஞ்சிடும்."

*

வெள்ளிக்கிழமை நிரூபா வேளைக்கே புறப்பட்டு, பஸ் தொடங்கும் இடத்துக்குப் போய் ஏறி, அப்பாவுக்குப் பக்கத்து முன் இருக்கையில் உட்கார்ந்தாள். மழை தூறியது. இராசரத்தினம் மீசையை இரண்டு தரம் சீவியிருந்தார். பஸ் மெத்தைக் கடைத் தரிப்புக்கு நாலரைக்கு வந்தது. கதவு திறந்தது.

ஒருவரும் இல்லை.

"வருவார் அப்பா..."

"நாலரை எண்டா நாலரை." கதவு மூடியது. "உவன் ஒரு பஸ்ஸுக்கே நேரத்துக்கு வரேல்லை. தாலி கட்ட எந்த வருசம் வருவான்?"

அவள் திரும்பிப் பார்த்தாள். மழைக்குள்ளே, தூரத்தில், ஓர் உருவம் குடையில்லாமல் ஓடி வந்தது... சின்னதாகி... மறைந்தது. பஸ்ஸின் கண்ணாடி முழுக்க ஈரம். கண்ணாடிக்கு இந்தப் பக்கமும்.

திங்கட்கிழமை அவன் அறைக்குள் கால் வைக்கும் முன்பே சொல்லத் தொடங்கினான். "சத்தியமாங்க, அந்த மெஷினுக்குள்ள இருந்த கடிகாரம் லேட்! அதுல இன்னும் நாலு மணிகூட ஆகல. கீழ வந்து பாத்தா..."

"கொம்பியூட்டர் மணிக்கூடு பிந்துமோ? பிந்தினதுக்கு இப்பிடியொரு சாட்டு இந்த நாட்டில ஒருதரும் சொன்னதில்லை."

"சாக்கு இல்லீங்க, நிஜம்!"

"அப்ப திரும்ப நடத்திக் காட்டுங்கோ," என்றாள் நிரூபா. அதுதான் அவள் தொழிலின் சட்டம். "ஒருக்கா நடந்தா அது சாட்டு. ரெண்டாந்தரமும் நடந்தாத்தான் உண்மை."

இருவரும் மாயக் கணினிக்கு முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்தார்கள். அவள் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றித் திரைக்குக் கீழே வைத்தாள். அந்த மாய மணிக்கூடு அன்று ஓடிய ஒழுங்கைப் பார்த்திருந்தால் சுவிஸ்காரர்கள் கப்பலேறி வந்து பாடம் கேட்டிருப்பார்கள். ஒரு வினாடி பிசகவில்லை.

"அன்னிக்கு அதுக்குக் கொஞ்சம் வேலை இருந்துச்சு..." என்று இழுத்தான் பரணி.

"என்ன வேலை?"

அவன் அவளைப் பார்த்தான். பொய்யன் என்று தீர்ப்பு எழுதி முடித்த முகம். அவனுக்கும் தன்மானம் என்று ஒன்று தஞ்சாவூரிலிருந்து கூடவே வந்திருந்தது. "ஒண்ணுமில்லீங்க," என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்த வாரம் கதிரைகள் இரண்டும் அறையின் இரண்டு மூலைகளுக்குப் போய்விட்டன. புட்டு மிஞ்சியது. தயிர்ச்சோறு மிஞ்சியது. பிரெஞ்சுக் கணினிகூட மௌனமாக இருந்தது.

அடுத்த வெள்ளி அவனுடைய கடைசி நாள். மத்தியானம் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் மேசைக்கு வந்தான். "ரிப்போர்ட்டக் குடுத்துட்டுக் கிளம்பறேங்க. தூரமா, கல்கரில ஒரு வேலை வந்திருக்கு. நாலரை பஸ்ஸுல போறேன். இந்தத் தடவையாவது உங்க அப்பாவைப் பாத்துடணும்." கொஞ்சம் நின்றான். "நீங்களும் வந்தீங்கன்னா..."

"பாப்பம்," என்றாள் நிரூபா.

பாப்பம் என்றால் வருவேன் என்று அர்த்தம். அது தஞ்சாவூர்க்காரனுக்குத் தெரியாது. தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

*

நேரம் நிறையக் கிடந்தது. நிரூபா ஒரு பழைய கணினியைத் திறந்து பழுதுபார்க்கத் தொடங்கினாள். அப்படி வேலை செய்யும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைப்பது அவள் வழக்கம். வேலையில் மனம் நிற்கவில்லை. எழும்பி, அவன் விட்டுப்போன மாயக் கணினிக்கு முன்னால் போய் இருந்தாள். அவன் கதிரை. ஒவ்வொரு சதுரமாகத் திறந்தாள். முதலாவதில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒன்றுமில்லை. மூன்றாவதில்...

பாலேஸ்வரி. இடப்பக்கக் கடைவாய்ப் பல்.

நிரூபா திகைத்தாள். அது அவளுடைய மாமி. பொய் நோயாளிகளை உண்டாக்கும்போது பெயருக்குப் பஞ்சம் வந்து, மல்வேர்னில் உள்ள சொந்தக்காரர் எல்லோருக்கும் அவள் பல்வலி கொடுத்திருந்தாள். கீழே புனிதவதி அன்ரி, முரசு வீக்கம். அதற்குக் கீழே சீமோன் அண்ணை, மூன்று பல் பிடுங்க வேண்டும். குடையில் செத்துப்போன சனம் முழுவதும் வரிசையாக உயிரோடு நின்றது! எங்கேயிருந்தோ அவளுடைய பழைய பட்டியலைத் தேடியெடுத்து, அவளுக்குச் சொல்லாமல், ஒவ்வொருவராக ஏற்றியிருக்கிறான். பாதியில் நின்றிருந்தது. நின்ற நாள் போன வெள்ளி... பஸ் வந்த வெள்ளி.

'அன்னிக்கு அதுக்குக் கொஞ்சம் வேலை இருந்துச்சு...'

"லூசு," என்றாள் நிரூபா திரையைப் பார்த்து.

மிச்சப் பேரையும் ஏற்றச் சொல்லி விசையைத் தட்டினாள். திரை முழுக்க விரித்தாள். மாமா வந்தார், மாமி வந்தார், கனடாவுக்கே வந்திராத பெரியப்பாவும் சொத்தைப் பல்லோடு வந்தார். அவள் கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு பார்த்தபடி இருந்தாள். மூலையில் மணிக்கூடு நாலு மணிக்குக் கிட்ட என்றது. நேரம் இருக்கு. முகம் கழுவலாம். பொட்டுக்கூட மாற்றலாம்...

சூசைதாசன் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். "என்ன பிள்ளை, வீட்டை போகேல்லையோ?"

"நேரம் கிடக்கு அங்கிள்."

"என்ன நேரம்? நாலரை ஆகப்போகுது." சொல்லிவிட்டு வழக்கம்போலச் சிரித்தார். "உந்தப் பெடியன் பரணிக்கு விசர். ரிப்போர்ட்டில என்ன எழுதி வைச்சிருக்கிறான் தெரியுமே? 'மணிக்கூட்டை நம்ப முடியாது, அறையை மூட வேண்டாம்.' தம்பி, உந்தச் சாமான் வேண்டாமெண்டா உனக்கும் இஞ்ச வேலையில்லை எண்டன். 'தெரியும் சார். திரும்ப நடத்திக் காட்டவும் எனக்குத் தெரியல. ஆனா நடந்தது நடந்ததுதானே' எண்டான்."

நிரூபா அவர் கையைப் பிடித்துத் திருப்பி அவருடைய கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். திரையில் இன்னும் நாலு மணி அடிக்கவில்லை! பாவம் அந்த மாய மணிக்கூடு... சும்மா இருந்தபோது ஒழுங்காக ஓடியது. அவளுடைய சொந்தக்காரர் அத்தனை பேரையும் சுமக்க வைத்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் நின்றுவிட்டது.

"அங்கிள், உந்தக் கொம்பியூட்டரை நிப்பாட்டாதேங்கோ! மணிக்கூட்டைப் பாருங்கோ!"

சூசைதாசன் பார்த்தார். வாய் திறந்தது. "அட... அப்ப பெடியன் சொன்னது சரி. உந்த மணிக்கூட்டைத் திருத்துவிக்க ஆள் வேணுமே! பிள்ளை, ஓடு! உவனைக் கல்கரிக்கு விடாதை!"

அவர் சொல்லி முடிக்கும்போது அவள் படிக்கட்டில் இருந்தாள்.

*

வெளியே மழை கொட்டியது. தரிப்பில் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஸ்காபரோவில் ஒருவரும் கண்டிராத காட்சி அது. நாலரை தாண்டியும் இராசரத்தினத்தின் பஸ் நிற்கிறது! எதிர்ப்பக்கம் போன கார்க்காரர் ஒருவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஆச்சரியமாகப் பார்த்தார்.

ஒரு கால் படியிலும் மற்றக் கால் நடைபாதையிலுமாக, கதவைப் பிடித்துக்கொண்டு, மடித்த குடையைக் கக்கத்தில் வைத்தபடி, தொப்பலாக நனைந்து பரணி நின்றான். இந்த முறை பிழைக்கக் கூடாது என்று இரண்டு கையிலுமாக மூன்று கடிகாரங்கள் கட்டியிருந்தான்.

"தம்பி, ஏறு. இல்லாட்டி இறங்கு. இது பஸ், சந்தை இல்லை."

"ஏறறேன் சார். இன்னொருத்தர் வரணும்."

"நான் ஒருதருக்கும் நிக்கிறேல்லை."

"தெரியும் சார். எனக்கே ரெண்டு தடவை நிக்கல."

பின் இருக்கைகளில் சிரிப்புக் கேட்டது. இராசரத்தினத்தின் மீசை ஒரு பக்கம் துடித்தது. "ஆரப்பா அது? ஆர் வரவேணும்?"

"உங்க பொண்ணு சார்." பரணி கதவை இன்னும் இறுக்கிப் பிடித்தான். "நான் அவங்களை விரும்பறேன். அவங்ககிட்ட இன்னும் சொல்லல. வருவாங்களான்னும் தெரியல. அதான்... கொஞ்சம் நின்னீங்கன்னா சொல்லிடுவேன். அப்புறம் நீங்க எவ்வளவு வேகமா வேணா போங்க."

பின் இருக்கைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். மழை கூரையில் தட்டியது. இராசரத்தினம் பரணியைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலால், மழைக்குள் நின்ற ஒருத்தியைப் பார்த்தார்.

"நீயோ பிள்ளை பிந்தினது?"

"ஓம் அப்பா," என்றாள் நிரூபா மூச்சிரைக்க. "கொம்பியூட்டர் மணிக்கூடு பிந்திட்டுது."

பரணி திடுக்கிட்டுத் திரும்பினான். "என்னது?"

"திரும்ப நடந்திட்டுது. எங்கட சனத்தைச் சுமக்கேக்க அது களைச்சுப் போகுது. நோயாளியளை ஏத்தினதெண்டு அண்டைக்கே ஏன் சொல்லேல்லை?"

"முடிச்சுட்டுக் காட்டலாம்னுதான் இருந்தேன். அப்புறம் நீங்க கோவமா இருந்தீங்க. நானும் கோவமாயிட்டேன். உங்களுக்குக் கோவம் வந்தா கண்ணு இன்னும் பெருசாகுது... அதுல பாதி வார்த்தை மறந்துபோச்சு."

அவன் இமை நுனியில் ஒரு துளி தொங்கியது. முதல் நாள் தொங்கிய அதே துளிதான் என்று நிரூபா பிறகு எல்லோருக்கும் அடித்துச் சொன்னாள்.

"முதல் நாள் உங்களைக் கண்டவுடனே நெஞ்சுக்குள்ள ஒண்டு டக்கெண்டு நடந்தது," என்றாள் அவள் நிலத்தைப் பார்த்தபடி. "ஒருக்கா நடந்தா அது சாட்டு எண்டு விட்டிட்டன்..."

"இப்ப?"

"இப்ப ரெண்டாந்தரமும் நடந்திட்டுது."

"அப்போ... உண்மைங்களா?"

"ஓம்."

"மூணாவது தடவையும் டெஸ்ட் பண்ணிப் பாக்கலாங்களா?"

"ரெண்டு பேரும் ஏறுங்கோ!" என்றார் இராசரத்தினம். சத்தமாகத்தான் சொன்னார். ஆனால் மீசைக்குப் பின்னால் ஒரு மனிதர் சிரிப்பது பரணிக்குத் தெளிவாகத் தெரிந்தது. "பஸ் ரிக்கெற்றைப் பெட்டிக்குள்ள போடுங்கோ."

"எனக்குமோ அப்பா?"

"உனக்கும்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெடியனைச் சாப்பிட வரச் சொல்லு. பன்னிரண்டு எண்டா பன்னிரண்டு."

"பதினொண்ணுக்கே வந்து வாசல்ல நிக்கறேன் சார்," என்றான் பரணி.

கதவு மூடியது. பஸ் நகர்ந்தது. முன் இருக்கையில் இரண்டு பேர், நடுவில் ஒரு குடை கிடக்க இடம் விட்டு உட்கார்ந்தார்கள். அடுத்த தரிப்பு வருவதற்குள் குடை நிலத்துக்குப் போய்விட்டது.

அன்று மாலை மல்வேர்னில் அந்த பஸ் வந்து நின்றபோது, சனங்கள் தங்கள் மணிக்கூடுகளைப் பார்த்தார்கள். எல்லாமே முந்தி ஓடிவிட்டன என்று முடிவுசெய்து, வீடு வீடாக முள்ளைப் பின்னால் திருப்பி வைத்தார்கள். இராசரத்தினமும் அதைத் திருத்தச் சொல்லவில்லை.